மரை கழன்ற கதை

முதல் நாள் மோட்டார் சுற்றியது, செயின் சுற்றியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. இரண்டாம் நாள் மூன்றும் சுற்றின. தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி முந்நூறு மீட்டர் போயிருப்பேன், பின்னால் 'கடக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தின் இடப்பக்கம் மாட்டியிருந்த பல்சக்கரம் ஹப்பை விட்டு விலகி வந்து ஃபிரேமில் முட்டிக்கொண்டு நிற்கிறது. செயின் அதன்மேல் தோரணம் மாதிரி தொங்குகிறது. தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். மூன்று வாரமாக நான் செய்துவந்த வேலையையெல்லாம் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர். "என்னங்க தம்பி, மரை கழண்டுருச்சுங்களா?" என்றார். சைக்கிளைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எதைக் கேட்டிருந்தாலும் 'ஆமாம்' என்பதுதான் அன்றைக்குச் சரியான பதில்.

சைக்கிள் அப்பாவுடையது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் ஸ்பிரிங் கேரியர். பத்து வயதில் அதன் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டப் பழகினேன். அவர் காலத்துக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் பத்து வருஷம் தூசி தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் கோயம்புத்தூர். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு லேத் பட்டறையும் ஒரு மோட்டார் வைண்டிங் கடையும் இருக்கும். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டிய கதையைப் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிரிப்பது எல்லாருக்கும் வரும். பூட்டுவதில்தான் அவர் நாயுடு.

வாங்கிய சாமான்கள் அதிகமில்லை. 24 வோல்ட்டில் ஓடும் 250 வாட் பிரஷ் மோட்டார் ஒன்று, சோப்பு டப்பா அளவில் ஒரு கன்ட்ரோலர், கைப்பிடியில் மாட்டும் திராட்டில், 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரு செயின், ஒரு ஃப்ரீவீல். மோட்டாரை உட்காரவைக்க ஆங்கிளில் ஒரு தாங்கி அடித்துக்கொண்டேன். வலப்பக்கம் பெடல் செயின் இருக்கிறது; அதனால் மோட்டார் செயினை இடப்பக்கம் போட்டுவிடலாம் என்று முடிவுசெய்தேன். காலியாகக் கிடக்கிற பக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன தப்பு? எல்லாத் தப்பும் அதில்தான் இருந்தது.

ஹப்பின் இடப்பக்கம் மரை கிடையாது. எனவே ஒரு இரும்பு வளையத்தைப் பற்றவைத்து, அதில் மரை இழுத்து, ஃப்ரீவீலைத் திருகிக்கொள்ளலாம் என்று பட்டறைக்குப் போனேன். லேத் அண்ணன் சக்கரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ரைட்டு மரையுங்களா, லெஃப்ட்டு மரையுங்களா?" என்றார். "சாதா மரைதானுங்ணா" என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டார். அந்த ஒரு கணத்தில் அவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

முதல் நாள் நடந்ததை முதலில் பார்ப்போம். சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும், 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது ஃப்ரீவீலின் குரல். அதன் உள்வட்டத்தில் இரண்டு சின்ன எஃகு நாக்குகள், மெல்லிய கம்பி ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்பட்டபடி இருக்கும். வெளிவட்டத்தின் உட்புறத்தில் ரம்பம் போன்ற சாய்வான பற்கள். ஒரு திசையில் சுற்றினால் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுத்துப் போகும். மறுதிசையில் சுற்றினால் நாக்கு சாய்வில் வழுக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டும். எந்தத் திசையில் பிடிக்கும், எந்தத் திசையில் வழுக்கும் என்பது வார்ப்பிலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம். வலப்பக்கம் நின்று பார்த்தால் முன்னே போகும் சக்கரம் கடிகார முள் திசையில் சுற்றும். அதே சக்கரத்தை இடப்பக்கம் நின்று பார்த்தால் எதிர்த்திசை. வலப்பக்கத்துக்கென்று செய்த ஃப்ரீவீலை இடப்பக்கம் மாட்டினால் மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் 'டிக் டிக்' தான். சக்கரத்துக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது.

அன்றைக்கே எனக்கு இது புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஃப்ரீவீலின் உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் நாலு இடத்தில் பற்றவைத்து ஒன்றாக்கிவிட்டேன். நாக்குக்கு இனி வேலை இல்லை. எந்தத் திசையில் சுற்றினாலும் பிடிக்கும். பிடித்தது. முந்நூறு மீட்டர்.

சாதா மரை கடிகார முள் திசையில் திருகினால் இறுகும். வலப்பக்க ஃப்ரீவீலை யாரும் ஸ்பேனர் போட்டு இறுக்குவதில்லை; கையால் திருகிவிட்டாலே போதும். முதல் மிதியில் செயின் அதைக் கடிகாரத் திசையில் இழுக்கும். மிதிக்க மிதிக்க இறுகும். பத்து வருஷம் ஓடிய சைக்கிளில் அதைக் கழற்ற வைஸும் நீளமான குழாயும் இரண்டு ஆளும் வேண்டும். இடப்பக்கம் இதற்கு நேர்மாறு. செயின் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் மரையைக் கழற்றும் திசையில். நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதெல்லாம் என் வண்டியை நானே பிரித்துக்கொண்டிருந்ததுதான்.

சைக்கிளுக்கும் வலக்கைப் பழக்கம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் உடம்பு முழுக்க இந்தத் திசை உணர்வு ஊறியிருக்கிறது. இடப்பக்கப் பெடலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மட்டும் எதிர்த்திசை மரை. முதல்முறை கழற்றும் எல்லாரும் நன்றாக இறுக்கிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்கிறோம். ஏன் அப்படி? பெடலுக்குள் இருக்கும் பால்ஸ் உராய்ந்து அச்சைத் தன்னோடு இழுத்துக் கழற்றிவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பலரும் சொல்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாளில் படம் போட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். உராய்வு அச்சை இழுக்கும் திசை, இப்போதுள்ள மரையைக் கழற்றுகிற திசைதான். உராய்வுக்குப் பயந்து வைத்த மரை என்றால் இரண்டு பெடலிலும் மாற்றியல்லவா வைத்திருக்க வேண்டும்?

உண்மைக் காரணத்தை ஒரு பென்சிலால் பார்த்துவிடலாம். இடது கையை மூடி, விரல் வளையத்துக்குள் பென்சிலைக் கொஞ்சம் தளர்வாகப் பிடியுங்கள். வலது கையால் அதன் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். நுனி ஒரு திசையில் வட்டம் போட, பென்சில் தன்னைத்தானே எதிர்த்திசையில் மெல்ல உருட்டிக்கொள்ளும். பெடல் அச்சுக்கும் கிராங்கின் ஓட்டைக்கும் நடுவே முடியளவு இடைவெளி எப்போதும் உண்டு. காலின் எடை கீழ்நோக்கியே அழுத்துகிறது, கிராங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கிராங்கின் இடத்திலிருந்து பார்த்தால், அந்த எடைதான் அச்சைச் சுற்றி வட்டமடிக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் அச்சு ஓட்டைக்குள் ஒரு துளி உருளுகிறது. பால்ஸின் உராய்வைவிடப் பல மடங்கு வலுவானது இந்த உருளல். அது இறுக்கும் திசையில் அமையவேண்டும் என்பதற்காகத்தான் இடப்பக்கப் பெடலுக்கு எதிர் மரை. வலப்பக்கத்துக்குச் சாதா மரையே போதும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இந்தக் கோளாறெல்லாம் மோட்டாரின் அசுர பலத்தால் வந்ததோ? சைக்கிள் பாவம், மனிதக் காலுக்கென்று செய்தது. இயந்திரத்தின் முரட்டுத்தனத்தை அது எப்படித் தாங்கும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டபோது வெட்கமாகப் போய்விட்டது.

என் எடை 65 கிலோ. சீட்டை விட்டு எழுந்து ஒரு பெடலின்மேல் முழு எடையையும் போட்டு நிற்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல். அந்தக் கணத்தில் பின்டயர் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 125 நியூட்டன். ஒரு நியூட்டன் என்பது சுமாராக நூறு கிராம் எடை. ஆக, பன்னிரண்டரை கிலோ தள்ளல். என் 250 வாட் மோட்டார் மணிக்கு 18 கிலோமீட்டரில், தன் முழுத் திறனையும் காட்டித் தள்ளுவது 50 நியூட்டன். செயினில் விழும் இழுப்பும் அப்படியே. எழுந்து மிதிக்கும்போது 120 கிலோவுக்கு மேல். மோட்டார் இழுக்கும்போது 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காலோடு ஒப்பிட்டால் மோட்டார் ஒரு சோப்ளாங்கி. ஆனால் களைக்காத சோப்ளாங்கி. கால் அந்த உச்ச விசையை ஒரு சுற்றுக்கு இரண்டே முறை, கண்ணிமைக்கும் நேரம்தான் தரும். மணிக்கணக்கில் சராசரியாக ஒரு சாதாரண ஆள் தரக்கூடியது 75 முதல் 100 வாட். மோட்டார் சலிக்காமல் 250.

அப்பாவின் சைக்கிளுக்கு வலு குறைவில்லை. இரண்டு மூட்டை அரிசியும் என்னையும் ஏற்றிக்கொண்டு மில் ரோட்டில் போன வண்டி அது. விசை எந்த வழியாக வரும், எந்தப் பக்கம் தள்ளும் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வழியில் எவ்வளவு வந்தாலும் தாங்கும். வழக்கமில்லாத வழியில் வந்தால் அரைக்கால் பங்குக்கே கைவிரித்துவிடும்.

இந்த 250 வாட் எதற்குப் போதும் என்பதையும் பார்த்துவிடலாம். நானும் சைக்கிளும் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து 100 கிலோ. சமதளத்தில் டயர் நசுங்கி நிமிர்வதில் ஆகும் தடை ஏறக்குறைய 8 நியூட்டன். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றின் தடை அப்படியல்ல. வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம் ஊர் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சுமார் 60 வாட் போதும். 25 கிலோமீட்டருக்கு 170 வாட். 40 கிலோமீட்டருக்கு 560 வாட். பதினைந்தில் போகும் சைக்கிள்காரர் சொகுசாகப் போவதும், முப்பதில் போக முயல்பவருக்கு மூச்சு வாங்குவதும் இதனால்தான். முகத்தில் படும் காற்று நமக்குச் சுகம், காலுக்கு அது சுவர்.

சைக்கிளோடு எஞ்சினைச் சேர்க்கும் ஆசை உலகப்போர் முடிந்த கையோடு பல நாட்டில் ஒரே நேரத்தில் கிளம்பியது. பெட்ரோலும் இல்லை, வண்டியும் இல்லை, ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்தது. பிரான்சில் 1946ல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸில் எஞ்சின் முன்சக்கரத்தின் மேலே உட்கார்ந்திருக்கும். செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஒரு உருளை நேராக டயரை உரசிச் சுற்றும். அதே ஆண்டு ஜப்பானின் ஹமமாட்சு நகரில் சோய்சிரோ ஹோண்டா, ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தரச் செய்த குட்டி எஞ்சின்கள் சும்மா கிடப்பதைப் பார்த்தார். வாங்கி வந்து சைக்கிளில் மாட்டினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை. அவரும் முதலில் உருளையால் முன்டயரை உரசவிட்டுப் பார்த்து, அது சரிப்படாமல், பெல்ட் போட்டுப் பின்சக்கரத்துக்கு மாறினார். ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் மனைவி சாச்சி. ஹோண்டாவே முன்சக்கரத்தில் ஆரம்பித்துப் பின்சக்கரத்துக்கு வந்தவர் என்றால், இடப்பக்கத்தில் ஆரம்பித்து வலப்பக்கத்துக்கு வந்த நான் அவ்வளவு மோசமில்லை.

நம் ஊரில் 1972ல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பால் கேனும் வாழைத்தாரும் ஆட்டுக்குட்டியும் ஏறிய அந்த வண்டிக்குப் பெடல் இருந்ததைப் பலர் மறந்திருக்கலாம். அந்தப் பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்வோம். அந்தப் பழக்கம் எனக்குப் பின்னால் கைகொடுத்தது.

சைக்கிளில் மாட்டும் பெட்ரோல் எஞ்சின் செட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை. புகையும் சத்தமும் ஒரு காரணம். 25 சி.சி.க்கு மேல் போனால் மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனம். கிடைக்கிற எஞ்சின்களோ பெரும்பாலும் 49 சி.சி.யை ஒட்டியவை. பதிவெண்ணுக்கு எங்கே போவது? அதைவிட முக்கியமான காரணம், மின்மோட்டார் வீட்டு மேசையில் வைத்து நோண்டக்கூடிய பொருள். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் பெட்ரோலை வைத்து நோண்ட முடியாது.

நோண்டியதில் தெரிந்துகொண்ட ஒன்று. மோட்டாரின் இரண்டு ஒயரையும் எதிலும் இணைக்காமல் அதன் தண்டைக் கையால் சுற்றுங்கள், லேசாகச் சுற்றும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள், தேனுக்குள் சுற்றுவது போல இறுகும். சுற்றுகிற மோட்டார் எப்போதும் ஒரு டைனமோவும்கூட. பேட்டரி தரும் 24 வோல்ட்டுக்கு எதிராக அது தன்னுள்ளேயே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகமாகச் சுற்றச் சுற்ற எதிர்ப்பு கூடும், மின்னோட்டம் குறையும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பு பூஜ்யம். அதன் சுருளின் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு, 0.4 ஓம் என்று வைத்தால், நேராக பேட்டரியில் மாட்டிய கணத்தில் 60 ஆம்பியர் பாயும். பெயர்த்தகட்டில் போட்டிருப்பதோ 13 சொச்சம். மிச்சமெல்லாம் சூடு. வைண்டிங் கருகும் வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் கன்ட்ரோலர். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும், சராசரியாக எவ்வளவு போகவேண்டுமோ அவ்வளவே போகவிடுகிறது. குழாயைப் பாதி திறப்பது போல இல்லை. முழுசாகத் திறந்து முழுசாக மூடுவதை வெகு வேகமாகச் செய்வது. அதனால்தான் அது அதிகம் சூடாவதில்லை. எவ்வளவு விடவேண்டும் என்று அதற்குச் சொல்வது கைப்பிடியில் இருக்கும் திராட்டில். உள்ளே ஒரு காந்தம், மிளகளவு ஒரு ஹால் உணரி. கையை முறுக்கினால் காந்தம் நகரும், உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்குக் கீழேயிருந்து நாலு வோல்ட்வரை ஏறும். எட்வின் ஹால் 1879ல் ஒரு மெல்லிய தங்கத்தகட்டில் கண்டுபிடித்த விளைவு, இன்று என் பிடியில் ஒரு ரப்பர் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கன்ட்ரோலர் இருந்தாலும் நான் நின்ற இடத்திலிருந்து மோட்டாரை முறுக்குவதில்லை. இரண்டு மிதி மிதித்துச் சக்கரம் உருள ஆரம்பித்தபிறகுதான் கை திரும்பும். டி.வி.எஸ். 50 கற்றுக்கொடுத்த பழக்கம். வேகமில்லாத நேரத்தில் முரட்டு விசை தருவது காலின் வேலை. ஓட்டம் பிடித்தபின் சலிக்காமல் தள்ளுவது மோட்டாரின் வேலை.

பல்சக்கரக் கணக்கு எளிது. என் மோட்டார் நிமிடத்துக்கு 2,700 சுற்று. உடம்போடு சேர்ந்த கியர் பெட்டி அதை 276 ஆக்குகிறது. அதன் தண்டில் 9 பல், சக்கரத்தில் 18 பல், பாதியாகி 138. சக்கரம் ஒருமுறை உருண்டால் 2.2 மீட்டர். பெருக்கினால் மணிக்கு 18 கிலோமீட்டர். 16 பல் போட்டால் இருபதரை வரும். எங்கள் பக்கத்து மேம்பாலம் முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அந்த ஏற்றம் மட்டுமே 100 கிலோவை 33 நியூட்டனால் பின்னுக்கு இழுக்கும். டயர், காற்று எல்லாம் சேர்த்தால் 50. மோட்டாரால் முடிந்ததும் சரியாக அந்த 50தான். ஆகவே 18 பல்லே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மரைக்கு வருகிறேன். கழன்ற சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனபோது லேத் அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். "நீங்க படிச்சவிங்க. ஏதோ கணக்கு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்க" என்றார். இடப்பக்கத்தில் எதிர் மரை போட்டுத் தரமுடியும், ஆனால் அதற்குப் பொருந்தும் ஃப்ரீவீலுக்கு எங்கே போவீங்க என்று கேட்டார். பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டார். ஹப்பின் வலப்பக்கத்து மரைக்கு மேலேயே நீளமான ஒரு புஷ். அதன்மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃப்ரீவீல். உள்ளே இருப்பது மோட்டாருக்கு, வெளியே இருப்பது பெடலுக்கு. இரண்டும் வலது, இரண்டும் இழுக்க இழுக்க இறுகும். மோட்டார் ஓடும்போது பெடல் சும்மா நிற்கும். மிதிக்கும்போது மோட்டாரைச் சேர்த்து இழுக்கவேண்டியதில்லை. அச்சில் இரண்டு வாஷர் கூடப் போட்டு, பின் ஃபோர்க்கைக் கொஞ்சம் அகட்டி, ஸ்போக் கம்பிகளை ஒரு பக்கம் இழுத்துச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர ஒரு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அது கழலவே இல்லை.

ஹப் மோட்டார் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று என் அக்கா மகன் கேட்டான். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். செயின் வேண்டாம், பல்சக்கரம் வேண்டாம். அவன் தன் சைக்கிளின் முன்சக்கரத்தில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். நான் ஃபோர்க்கின் நுனியைப் பார்த்தேன். அச்சு நட்டின் கீழே பெயிண்ட் கீறிப் புதுசாக ஒரு பளபளப்பு. அச்சு இலேசாகச் சுழன்றிருக்கிறது.

சாதாரண முன்சக்கரத்தில் அச்சு சும்மா நிற்கிறது. எடையைத் தாங்குவது தவிர அதற்கு வேலையில்லை. ஃபோர்க்கின் பிளவும் மேலிருந்து வரும் எடைக்காக மட்டும் செய்யப்பட்டது. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதே அளவு முறுக்கத்தோடு அச்சைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். அச்சின் இருபுறமும் தட்டையாகச் சீவியிருப்பது அதைத் தடுக்கத்தான். தட்டைகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர். மோட்டாரின் முறுக்கம் 40 நியூட்டன் மீட்டர் என்றால், பிளவின் உதடுகளை விரித்துத் தள்ளும் விசை 4,000 நியூட்டன். நானூறு கிலோ! அச்சு முழுசாகச் சுற்றிவிட்டால் ஒயர் அறுந்து, சக்கரம் கழன்று, ஓட்டுபவர் தார் ரோட்டில். இதற்கு மருந்து அரைச் சாண் நீள எஃகுப் பட்டை. ஒரு நுனி அச்சின் தட்டையைக் கவ்விக்கொள்ளும், மறுநுனி ஃபோர்க்கின் தண்டோடு கட்டப்படும். 10 மில்லிமீட்டர் 10 சென்டிமீட்டர் ஆனால் விசை பத்தில் ஒரு பங்கு. அன்று சாயங்காலமே அவனுக்கு ஒன்று அடித்துக் கொடுத்தேன். ஓட்டு, ஆனால் இது இல்லாமல் ஓட்டாதே என்றேன்.

பேட்டரியில் ஏமாந்ததையும் சொல்லவேண்டும். நான் வாங்கியவை யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரிகள். இரண்டும் சேர்த்து 168 வாட் மணி என்று பெருக்கிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த 7 என்பது இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது, அதாவது 0.35 ஆம்பியராக. நான் எடுப்பது பத்து ஆம்பியர்வரை. அவசரமாக எடுத்தால் ஈய பேட்டரி குறைத்துத்தான் தரும். ஜெர்மானியரான பியூகர்ட் 1897லேயே இதை ஒரு சூத்திரமாக எழுதிவைத்துவிட்டார். உண்மையில் என் கைக்கு வந்தது நாலு ஆம்பியர் மணியை ஒட்டித்தான். முதல் பயணத்தில் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னாலேயே மோட்டார் திணற ஆரம்பித்துவிட்டது. மிச்சத்தைக் காலால் மிதித்து வந்தேன். அதே இடத்தில், 28 லித்தியம் செல்கள் கொண்ட ஒரு கட்டு ஒன்றேகால் கிலோ சொச்சத்தில் 250 வாட் மணி தரும். ஈய பேட்டரியின் எடை நாலரை கிலோ. பின்னால் லித்தியத்துக்கு மாறிவிட்டேன். ஆனால் செல்களை நானே கோத்துக் கட்டவில்லை. காவல் சர்க்யூட்டோடு தயாராக வரும் பேக்கையே வாங்கினேன். நாலு வோல்ட் செல் ஒன்றில் ஷார்ட் ஆனால் அது பக்கத்துச் செல்லையும் சூடாக்கி, அது அடுத்ததைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காத நெருப்பாகிவிடும். எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு இந்த ஒரு கோடு மட்டும் தெளிவு. சார்ஜ் போடுவது வாசல் திண்ணையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில்.

செலவு? சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 140 கிலோமீட்டர். மிதித்துக்கொண்டே போனால் இன்னும் கூட. சட்டம் ஒரு ஓரத்தில் நிற்கிறது. 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் மின்சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. ஆனால் விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அதற்கும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் சான்று வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பிறந்த வண்டிக்கு யார் சான்று தருவார்கள்? நான் எங்கள் லேஅவுட்டுத் தெருக்களைத் தாண்டி அதிகம் போவதில்லை.

எல்லாம் முடிந்தபின் சைக்கிளை லேத் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் கையைத் திருப்பினார். பட்டறைச் சந்தைக் கடந்து, மெயின் ரோட்டோரமாகப் போய், மேம்பாலத்தடி டீக்கடையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது தெரிந்தது. கம்பி பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ரப்பர் ரிம்மில் கிறீச்சிட்டது. வண்டி என்னைத் தாண்டி, பட்டறை வாசலைத் தாண்டி, செருப்புக் கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு, பக்கத்து மரக்கடையில் போய் நின்றது.

தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டார்.

"மோட்டாரெல்லாம் நல்லாத்தான் ஓடுதுங்க தம்பி. நிக்கத்தான் மாட்டேங்குது."